கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு பிள்ளை

என் மகளுக்கு இப்போது பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. அவளுடைய அப்பாவும் நானும் 2016-லிருந்து சேர்ந்து இல்லை. நான் கும்பகோணத்தில், அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறேன். பாத்திரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அவர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிறார். பிள்ளை யாரிடம் இருப்பது என்று இரண்டு குடும்பமும் முட்டிக்கொண்டு, பஞ்சாயத்து, காவல் நிலையம், கோர்ட் என்று எல்லாப் படியும் ஏறி, 2018-ல் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அது இன்றுவரை நடக்கிறது.

இதே நிலைமையில் இருக்கும் பெண்கள், சில சமயம் ஆண்களும், என்னிடம் வந்து கேட்பார்கள். முதலில் கேட்பது கேஸில் யார் ஜெயித்தது என்றுதான். எங்களில் யாரும் ஜெயிக்கவில்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், மழை வந்தால் என்ன, அறுவடை வந்தால் என்ன என்று உட்கார்ந்து எழுதினோம். எழுதியதை நீதிமன்ற உத்தரவாக்கிக்கொண்டோம். பிள்ளை யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்த காலம் முழுக்கப் பேச்சு ஓரடி நகரவில்லை. பிள்ளையின் சனிக்கிழமை எப்படி இருக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்த பிறகுதான் நகர்ந்தது. அதைத்தான் விவரமாகச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் பஞ்சாயத்து. எங்கள் பக்கம் என் பெரிய மாமா, அந்தப் பக்கம் அவருடைய பெரியப்பா, ஊர்ப் பெரியவர்கள் சிலர், எல்லாரும் உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நிறையக் குடும்பங்கள் இன்னும் இதைத்தான் முதலில் செய்கின்றன. நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு பிள்ளையில் தொடங்கிப் பவுனில் போய் நிற்கும். போட்ட நகை எவ்வளவு, மண்டபச் செலவு யார் கொடுத்தது, சீர்ப் பாத்திரம் எங்கே. நகையைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளையைப் பார்க்க விடலாம் என்றார் எங்கள் பக்கத்தில் ஒருவர். பிள்ளையை அனுப்பினால் நகையைப் பற்றி யோசிக்கலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. நாலு வயதுப் பெண் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, வெளியே அவளை எடைக்கல்லாக வைத்துப் பேசினார்கள். நகையை ஒரு நாள், ஓர் ஆளை வைத்துப் பேசுங்கள். பிள்ளையை வேறொரு நாள், வேறோர் ஆளை வைத்துப் பேசுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் கலந்துவிட்டால் இரண்டும் முடியாது.

அப்புறம் அனைத்து மகளிர் காவல் நிலையம். அங்கே இருவரையும் கூப்பிட்டுப் பேசி, வாரம் ஒரு முறை அப்பா வந்து பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் காகிதம் சீக்கிரமே செல்லாமல் போனது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது, பஞ்சாயத்தில் எழுதுவது, முத்திரைத்தாள் வாங்கி நோட்டரி முன்னால் எழுதுவது, இவற்றில் எதுவும் நீதிமன்ற உத்தரவு ஆகாது. ஒருவர் மீறினால், நிறைவேற்றித் தரச் சொல்லி அதை நீட்ட முடியாது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் காவல் துறைக்குக் கிடையாது. எங்கள் இருவருக்கும் இதை யாரும் அப்போது சொல்லவில்லை.

வழக்கு போட்டது அவர். 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 25-ஆம் பிரிவில், பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு மனு. வக்கீல்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். அவர் தன் ஊர்ப் பக்க நீதிமன்றத்தில் போட்டார். பிள்ளை கும்பகோணத்தில் என்னோடு இருந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும். அதைச் சொல்லி வழக்கை எங்கள் மாவட்டத்துக்குக் கொண்டுவரவே பல வாய்தா போயிற்று. டெல்டாவில் இது சின்ன விஷயம் கிடையாது. மன்னார்குடி திருவாரூர் மாவட்டம். அங்கிருந்து மேல்முறையீடு என்றால் சென்னைக்குப் போக வேண்டும். கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம். மேல்முறையீடு மதுரைக் கிளைக்கு. பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் இரண்டு ஊர்கள், உயர் நீதிமன்றத்துக்கு எதிரெதிர்த் திசையில் போகின்றன. மனு போடுவதற்கு முன்பே எந்த ஊர் நீதிமன்றம் என்று கேட்டுத் தெளிவு செய்துகொண்டால் அந்த மாதங்கள் மிச்சம்.

ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ஐந்து வயது வரை அம்மாவுக்கு, அதற்குப் பிறகு அப்பாவுக்கு என்று. என் மாமியாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், என் அம்மாவும் அதற்குத்தான் பயந்தார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் அப்பாவிடம் போக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. அந்தச் சட்டம் இயற்கைக் காப்பாளர் என்று முதலில் அப்பாவையும் அவருக்குப் பிறகு அம்மாவையும் சொல்லும். அப்பா பொறுப்பில் இல்லாத நிலையில், அவர் உயிரோடு இருக்கும்போதே அம்மா காப்பாளராக இருக்கலாம் என்று 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே வயதை வைத்தோ, அப்பா அம்மா என்பதை வைத்தோ யாரும் முன்கூட்டியே பயப்பட வேண்டாம். நீதிபதி பார்ப்பது பிள்ளையின் அன்றாடத்தை. பள்ளி எங்கே, காலையில் யார் எழுப்புகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுகிறார்கள் என்பதை.

வழக்கு நடக்கும்போது இடைக்கால ஏற்பாடாக, அப்பா பிள்ளையை நீதிமன்ற வளாகத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று உத்தரவானது. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஒரு குழந்தையும் அப்பாவும் என்ன செய்வார்கள்? சுற்றிலும் கறுப்புக் கோட்டு, காவலர்கள், அழுகிறவர்கள். அவர் அவளைவிட உயரமான பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். அவள் அதைத் தொடாமல் சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் தின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் எழுதிக்கொண்டார்கள் எங்கள் பக்கத்தில். அந்த இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வேறு வழியே இல்லாத நிலையில்தான் கோர்ட் வளாகச் சந்திப்பு. பூங்கா, கோயில் பிராகாரம், பொதுவான உறவினர் வீடு என்று ஏதாவது ஓரிடத்தை இரு பக்கமும் ஒப்புக்கொண்டு கேட்டால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

திருப்பம் வந்தது சமரச மையத்தில். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய சமரச மையத்தின் வழியில் மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. அங்கே பேசுவது வெளியே போகாது, நீதிபதிக்கும் சொல்லப்படாது. ஒத்துவரவில்லை என்றால் எழுந்து போகலாம், வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும். எங்களுக்கு வந்தவர் மூத்த பெண் வழக்கறிஞர். முதல் நாள் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிப் பழைய கதையைக் கொட்டினோம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை யாருக்குன்னு பேசுறதை இன்னிக்கோட நிறுத்துங்க. அடுத்த தடவை வரும்போது பாப்பாவோட ஒரு வாரத்தை எழுதிட்டு வாங்க. தனித்தனியா எழுதணும். தம்பி, நீங்க உங்க வருஷத்தையும் எழுதிட்டு வாங்க, எந்த மாசம் வயல்ல என்ன வேலைன்னு.”

நான் எழுதிப் போனதில் பள்ளி வேன் நேரம், டியூஷன், தடுப்பூசி அட்டை, சாப்பிட மறுக்கும் காய்கள் எல்லாம் இருந்தன. அவர் எழுதியதில் பள்ளி பற்றி அதிகம் இல்லை. ஆனால் அப்பாயி வைத்திருக்கும் ஒரு டம்ளரில் கொடுத்தால்தான் அவள் பால் குடிப்பாள் என்பதும், இரவில் கொல்லைப்பக்கம் போக யாராவது கூடப் போக வேண்டும் என்பதும், கன்றுக்குட்டியைப் பார்க்காமல் தூங்க மாட்டாள் என்பதும் இருந்தன. அதைப் படித்த பிறகு, பிள்ளைமேல் அவருக்கு அக்கறை இல்லை என்ற வாதத்தை நான் திரும்ப எடுக்கவில்லை.

அவருடைய வருஷக் கணக்குதான் எங்கள் சிக்கலை அவிழ்த்தது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. பிறகு சம்பா நாற்று, நடவு. ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீரை வடிய வைக்கும் ஓட்டம். தை, மாசியில் அறுவடை. அறுத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டால் மூட்டை பிடித்து எடை போடும்வரை ராப்பகலாகக் காவல் இருக்க வேண்டும், பனிக்கும் மழைக்கும் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். இடைக்கால உத்தரவில் குறித்திருந்த சந்திப்புகளுக்கு அவர் வராமல் போன நாட்களெல்லாம் எங்கள் எதிர்மனுவில் அக்கறையின்மை என்று ஏறியிருந்தன. காலண்டரோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தையும் மாசியும்தான். பங்குனி, சித்திரையில் உளுந்து, பயறு எடுத்த பிறகு அவருக்கு வேலை குறைவு. பள்ளிக்குக் கோடை விடுமுறை வருவதும் அப்போதுதான். இது எங்கள் கண் முன்னால் கிடந்தும், அதுவரை எந்த மனுவிலும் வரவில்லை. மனுக்கள் யார் கெட்டவர் என்று நிரூபிக்க எழுதப்படுகின்றன. அவற்றில் நடவுக்கும் அறுவடைக்கும் இடம் இல்லை.

அந்த வருஷம் மேட்டூர் ஜூலை 19-ல்தான் திறந்தார்கள். எல்லா வேலையும் தள்ளிப் போயிற்று. அதனால் தேதி போட்டு எழுதாமல், பருவத்தை வைத்து எழுதினோம். பள்ளி நாட்களில் அவள் என்னோடு. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு மாலை வரை அப்பாவோடு. நடவு, அறுவடை என்றால் ஒரு வாரம் முன்பே எழுத்தில் சொல்லி நாளை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய நாள் கழிந்துபோகாது, கோடை விடுமுறையில் சேரும். கோடையில் பாதிக்கு மேல் அப்பாவோடு. காலாண்டு விடுமுறை என்னோடு, அரையாண்டு விடுமுறை இருவருக்கும் பாதி. தேர்வுக்கு முந்தைய வாரம் யாரும் நாள் மாற்றக் கேட்கக் கூடாது.

பண்டிகைக்குத்தான் அதிக நேரம் ஆனது. தீபாவளி ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று சுலபமாக முடிந்தது. பொங்கலுக்கு இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பொங்கல் அன்று என்னோடு, மாட்டுப் பொங்கலுக்கு விடியும்போது அங்கே இருக்க வேண்டும் என்று முடிவானது. மாடு இருப்பது அந்த வீட்டில்தானே. ஆடிப்பெருக்கு காவிரிப் படித்துறையில் என் அம்மாவோடு. குலதெய்வப் படையல் அவர்கள் குடும்பத்தோடு. எல்லாவற்றையும் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் என்று சமமாக வெட்ட வேண்டியதில்லை. எது எந்த வீட்டில் பிள்ளைக்கு நிறைவாக இருக்கும் என்று பார்த்தால் பாதிப் பண்டிகை தானாகவே பிரிந்துவிடும்.

ஒப்படைக்கும் இடம். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் சண்டை நடப்பது இங்கேதான். என் வாசலுக்கு அவர் வந்தால் என் அம்மா வெளியே வருவார், ஒரு வார்த்தை விழும். அவர் வாசலுக்கு நான் போனாலும் அதேதான். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நிற்கும். அதனால் வலங்கைமானில், இரு குடும்பத்துக்கும் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டை வைத்தோம். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆள்தான் வர வேண்டும். மன்னார்குடியிலிருந்து வருகிறவர் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டினால் அரை மணி நேரம் சர்வசாதாரணமாகப் போய்விடும். அரை மணி நேரத் தாமதம் மீறல் ஆகாது என்று ஒரு வரி எழுதிக்கொண்டோம். அந்த ஒரு வரி எத்தனை சண்டையைத் தடுத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

இன்னும் சில வரிகள் சேர்த்தோம். பள்ளியில் பிள்ளையை அழைத்துப் போக யார் யாருக்கு அனுமதி என்று பெயர் எழுதி, உத்தரவின் நகலைத் தலைமை ஆசிரியரிடம் கொடுப்பது. மதிப்பெண் அட்டை இருவரும் பார்ப்பது. சாதாரணக் காய்ச்சலுக்கு யாரிடம் இருக்கிறாளோ அவரே வைத்தியம் பார்க்கலாம். மருத்துவமனையில் சேர்ப்பதென்றால் உடனே மற்றவருக்குச் சொல்ல வேண்டும், அறுவை சிகிச்சை என்றால் இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். வேறு ஊருக்குக் குடிபோவதாக இருந்தாலோ, பள்ளி மாற்ற டி.சி. வாங்குவதாக இருந்தாலோ இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிப்பது. சிங்கப்பூரும் வளைகுடாவும் எங்கள் பக்கத்து ஆண்களை எந்த வருஷமும் கூப்பிடும். அப்படி அவர் போய்விட்டால் வாரம் எத்தனை நாள் வீடியோவில் பேசுவது, லீவில் வரும்போது எத்தனை நாள் என்பதையும் எழுதினோம். மறுமணம் பற்றியும் ஒரு வரி உண்டு: புதிதாக வருகிறவரைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்வதற்கு முன்னால் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

சமரச மையத்தில் இருவரும் வக்கீல்களோடு கையெழுத்துப் போட்டோம். அது நீதிமன்றத்துக்குப் போய், அதன்படியே உத்தரவானது. பிறகு விவாகரத்தும் இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில், பரஸ்பரச் சம்மதத்தில் முடிந்தது. பிள்ளை பற்றிய இதே ஷரத்துகளை அந்தத் தீர்ப்பிலும் சேர்க்கச் சொன்னோம். இதை மறந்துவிடாதீர்கள்.

செலவு விஷயம். ஜீவனாம்சத்தையும் பார்க்கும் உரிமையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடக் கூடாது. பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும் தப்பு, பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் தப்பு. பராமரிப்பு பிள்ளையின் உரிமை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் கேட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கேயும் எங்களுக்குப் பருவம்தான் உதவியது. விவசாயிக்கு மாதச் சம்பளம் கிடையாது. மாதாமாதம் பெரிய தொகை என்று எழுதினால் மூன்றாம் மாதமே நின்றுவிடும், நிலுவை வழக்காகிவிடும். மாதம் ஒரு சின்னத் தொகை, சம்பா நெல்லுக்குக் கொள்முதல் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் பள்ளிக் கட்டணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று பிரித்தோம். ஜூனில் கட்டணம் கட்டக் காசு மாசியிலேயே தனியாக வந்துவிடும். அதோடு அஞ்சலகத்தில் அவள் பெயரில் செல்வமகள் கணக்கு. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட வேண்டும். அதில் இருவரும் போடுகிறோம்.

எவ்வளவு எழுதினாலும் எழுதாதது ஒன்று வரும். கையெழுத்துப் போட்ட சில மாதத்தில், 2018 நவம்பர் 16 அன்று, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. மன்னார்குடிப் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, கரன்ட்டும் போனும் இல்லாமல் நாள் கணக்கில் கிடந்தது. அவருடைய முறை வந்தது, அவர் வரவில்லை, செய்தியும் இல்லை. பிள்ளை அப்பாயி வீட்டு ஓடு பறந்துபோயிருக்குமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பேருந்து ஓடத் தொடங்கியதும் அரிசி, மெழுகுவத்தி, கொசுவத்தி எல்லாம் எடுத்துக்கொண்டு நானே அவளை அங்கே கூட்டிப் போனேன். உத்தரவில் அப்படி ஒன்றும் இல்லை. என் மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்த பிறகு, புயல், வெள்ளம், பந்த் என்றால் தவறிய நாளை அடுத்த பதினைந்து நாளுக்குள் ஈடு செய்வது என்று இருவரும் பேசி, எழுதிக்கொண்டோம். 2020 ஊரடங்கில், மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்ட மாதங்களில், அந்த வரிதான் கைகொடுத்தது. தினமும் சாயங்காலம் வீடியோ, அப்புறம் பள்ளி திறக்கும்வரை நீளமாக அப்பா வீட்டில்.

அவள் வயசுக்கு வந்தபோது அடுத்த சிக்கல். ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. என் அண்ணன் தாய்மாமன் சீர் செய்யத் தயாராக நின்றார். மண்டபம் பிடித்து எங்கள் பெண்ணுக்கு நாங்கள் செய்வோம் என்றார் அவள் அப்பாவின் பெரியப்பா. யோசித்துப் பார்த்தால் அந்தச் சடங்கு ஒரு பக்கத்தை வைத்து மட்டும் நடக்காது. ஓலை கட்டத் தாய்மாமன் வேண்டும், தண்ணீர் ஊற்ற அத்தை வேண்டும். நாங்கள் முதலில் கேட்டது அவளிடம். மண்டபம் வேண்டாம், பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம், பள்ளியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்றாள். சரி என்று வீட்டோடு, நெருங்கியவர்களை மட்டும் வைத்துச் செய்தோம். நாத்தனார் வந்து தண்ணீர் ஊற்றினார். என் மாமியார் பிரிவுக்குப் பிறகு முதல் முறையாக என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். பெண் பிள்ளை இருப்பவர்கள் இதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பிள்ளையிடம் எப்போது, எவ்வளவு கேட்பது? விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் எடுக்கலாம் என்கிறது 1890 சட்டத்தின் 17-ஆம் பிரிவு. வயது என்று ஒரு எண் அதில் இல்லை. அவளுக்கு ஆறு வயதில் நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசினார். பள்ளி, தோழிகள் பற்றித்தான் கேட்டாராம். வீட்டிலேயே சொல்லிக் கொடுத்து அனுப்பும் பெற்றோரை நான் அங்கே பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மனப்பாடம் என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதேபோல, அந்த வீட்டிலிருந்து வந்தவுடன் என்ன சாப்பிட்டாய், யார் வந்தார்கள், என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் வந்தவுடன் குளியல், சாப்பாடு, தூக்கம். அவளாகச் சொன்னால் கேட்போம். எங்களுக்குள் சொல்ல வேண்டியதைப் பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்புவதும் கிடையாது. வாட்ஸ்அப்பில் நானும் அவரும் மட்டும், பிள்ளை சம்பந்தப்பட்டதை மட்டும், எழுத்தில் மட்டும். பழைய கதை எழுதினால் மற்றவர் பதில் போட வேண்டியதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்களுக்குள் அடிதடி இல்லை, குடி இல்லை. அடி இருக்கும் வீட்டிலோ, பிள்ளைக்கே ஆபத்து என்று சந்தேகம் இருக்கும் வீட்டிலோ இப்படி எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொல்ல மாட்டேன். பெண்களுக்கு 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ள உத்தரவு கேட்கலாம். அப்பா வந்து பார்ப்பதே பிள்ளைக்குக் கெடுதல் என்றால் மாஜிஸ்திரேட் அதை மறுக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098. சமாதானம் பேசுகிறேன் என்று வரும் உறவினருக்காக இதைத் தள்ளிப் போடாதீர்கள். நடக்காத அடியை வழக்குக்குப் பலம் என்று எழுதவும் வேண்டாம். அப்படி எழுதினால் பிள்ளை ஒரு நாள் படிக்கும்.

இப்போது ஒப்பந்தத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். பதிமூன்று வயதுப் பெண்ணுக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு, தோழிகள், தன் சொந்த வேலை எல்லாம் வந்துவிட்டன. ஆறு வயதுக்கு எழுதியது அவளுக்குச் சட்டை சின்னதானது மாதிரி இறுக்குகிறது. பிள்ளை சம்பந்தமான உத்தரவு கல்லில் எழுதியதில்லை, வளர வளர மாற்றிக்கொள்ளலாம் என்று 1973-லேயே, சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த முறை பேனா அவள் கையில் இருக்கிறது. மாதம் ஒரு வார இறுதி, கோடையில் ஒரு மாதம், புதன்கிழமை போன் என்று அவளே எழுதினாள். மாட்டுப் பொங்கலை மட்டும் தொடவில்லை. இருவரும் சேர்ந்து மனுவாகக் கொடுக்கப் போகிறோம்.

புதிதாக இதில் நுழைகிறவர்களுக்கு: பக்கத்து நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், மாவட்டத் தலைநகரில் ஆணைக்குழு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. போகும்போது திருமணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் படிப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் போங்கள். பிள்ளையின் ஒரு வாரத்தை ஒரு தாளில் எழுதி அதன் மேல் வையுங்கள். முதல் வாய்தாவிலேயே சமரசத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வக்கீல் தயங்கினால் நீங்களே எழுந்து நின்று நீதிபதியிடம் கேட்கலாம். குடும்பநல நீதிமன்றத்தில் கட்சிக்காரர் நேரடியாகப் பேசலாம், சேர்த்து வைக்கவோ சமரசம் செய்யவோ முயல்வது அந்த நீதிமன்றத்தின் கடமை என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.